படலை என்ற சொல்

திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன்.
பக்கம் பத்து ரூபாய். இருபக்கமென்றால் பதினைந்து.
வாக்குறுதிக்கு விலை போடத் தெரியாது,
அதனால் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன்.

மாசி பதினொன்று, உப்புவெளி, பொதுநோக்கு மண்டபம்.
மின்விசிறி மூன்றில் ஒன்றுதான் சுழன்றது.
எம்.பி. சால்வையை ஒருக்கால் இழுத்துவிட்டுச் சொன்னார்:
“இந்தியாவில இருந்து திரும்பி வந்த சனத்தின்ர
படலையை எந்தப் பொலிஸ்காரனும் திறக்கமாட்டான்.
தாள் கேக்கிறது குடிவரவுக்காரன்ர வேலை.
பொலிசுக்குக் களவு பிடிக்கத்தான் சம்பளம்.”
கைதட்டினார்கள். நானும்.
புனிதமலர் தட்டவில்லை; அவள் மடியில் பைல் இருந்தது,
முகாம் முத்திரை குத்திய முப்பத்துமூன்று வருசம்.

என் கொப்பியில் இரண்டு நிரல்: செய்தது, செய்யாதது.
கரையில் திகதி.

பங்குனியில் அவருடைய காரியாலயத்துக்குக் கடிதம் போட்டேன்.
பதில் வந்தது: ‘தகுந்த கவனம் செலுத்தப்படும்.’
தபால் முத்திரை தெளிவாக இருந்தது, கையெழுத்து இல்லை.
சித்திரையில் பாராளுமன்றத்தில் பேசினார். உண்மை.
ஹன்சாட்டை ஒரு சட்டத்தரணியின் கோப்புக்குள் கண்டேன்,
அவருக்கு அடிக்கும்போது எனக்கும் ஒன்று அடித்துக்கொண்டேன்.
அங்கே படலை இல்லை.
‘மாட்டான்’ இல்லை.
‘வீடுகளுக்குச் செல்வதைத் தவிர்த்தல் நல்லதெனப்
பொலிசாருக்கு அறிவுறுத்துமாறு அமைச்சரிடம்
கேட்டுக்கொள்ள விரும்புகின்றேன்.’
ஒரு வினைச்சொல் எவ்வளவு தூரம் நடந்தால்
இப்படி மெலியும்?
இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்கு
ஒன்பது மணித்தியாலம்தானே.

வைகாசியில் ஒன்றும் எழுதவில்லை. மகளுக்கு டெங்கு.

ஆனி நான்கு. பொலிஸ் வந்தது.
ஒரு சார்ஜன்ட், ஒரு தமிழ்க் கொன்ஸ்தாபிள்.
மோட்டார்சைக்கிளை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றி,
வேலிக்கு வெளியே நின்றார்கள்.
“அக்கா” என்றுதான் கூப்பிட்டார்கள்.
மூன்றுதரம்.
புனிதமலர்தான் போய்த் திறந்தாள்.

தொண்ணூறில எந்தத் துறையால வெளிக்கிட்டனீங்கள்?
வள்ளக்காரன்ர பேர்?
அப்போது அவளுக்கு ஒன்பது வயது.
வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம்.
மகன் பிறந்தது எந்த இடம்?
எழில்மாறன், பத்தொன்பது வயது,
“பதினேழாம் லைன்” என்றான்.
கொன்ஸ்தாபிள் அதை எழுதினார். பிறகு வெட்டினார்.
வெட்டிவிட்டு, ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்தநாள் காலை அவள் என் கடையில்,
பைல் முழுக்கக் கொப்பி அடிக்க.
கொப்பியை எடுத்தேன்.
எந்த நிரலில் போடுவது?
சொன்னது: படலையைத் திறக்கமாட்டான்.
நடந்தது: அவன் திறக்கவில்லை.
எழுத்துக்கு எழுத்துச் சரி.

எம்.பி.க்குப் போன் எடுத்தேன். செயலாளர் பேசினார்:
“தங்கச்சி, ஐயா சொன்னதில ஏதும் பிழை இருக்கோ?”
இல்லை என்றேன்.
அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
நீதிமன்ற மதிலோரம் யாரோ எறிந்த தாளைத்
தின்றுகொண்டிருந்தது.
யாருடைய தாளென்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பக்கம். நூற்றிருபது ரூபாய்.
வாங்கவில்லை என்று எழுத ஆசை.
வாங்கினேன். டோனர் கடன்.

நேற்று அவள் வீட்டுப் பக்கம் போனேன்.
மகன் இன்னும் வரவில்லை.
படலையும் இல்லை, இரண்டு கட்டைகள்தான் நிற்கின்றன.
கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டாள்.
“இனி வாறவை நேர வரட்டும்” என்றாள்,
“என்னைக்கொண்டு திறப்பிக்க வேண்டாம்.”

கொப்பியில் மூன்றாவது நிரலுக்குக் கோடு அடித்தேன்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
ஆடியில் கூட்டமாம், அதே மண்டபம்.